வட்டிலப்பத்துக்கு நோன்பு இல்லை

2022 ஏப்ரலில் கெலிஓயாவில் ஒரு வீட்டு ஃபிரிஜ் கதவில் மூன்று தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று பள்ளிவாசலில் கொடுத்த நோன்பு நேரக் கலண்டர். மற்றது, எந்த எழுத்துப் பகுதிக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்ற பட்டியல். மூன்றாவது, பேராதனையில் மிருக டொக்டர் கைப்பட எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அன்றைக்கு அந்த வீட்டில் யார், எப்போது, எதைச் சாப்பிடலாம் என்பது விளங்கும்.

வீட்டில் ஐந்து உயிர்கள். அயல் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் உம்மா. ஊரெல்லாம் அவரை டீச்சர் என்றே கூப்பிடும். டவுனில் சின்ன ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் வாப்பா. பதின்மூன்று வயது மகள். உம்மாவின் தாய், அதாவது மகளின் உம்மும்மா. ஐந்தாவது, இரண்டரை வயது வட்டிலப்பம்.

கித்துல் கருப்பட்டி நிறத்தில் உடம்பு, நெற்றியில் கஜு பதித்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி. அச்சு அசல் வட்டிலப்பப் புடிங். வேறு பேர் வைக்க வழியே இருக்கவில்லை. பள்ளிப் புத்தகத்தில் இந்தப் பிராணிக்குக் கினிப்பன்றி என்று பேர். அந்தச் சொல்லைத்தான் உம்மும்மா முதல் நாளே தடை செய்துவிட்டார். "வீட்டுக்குள்ள அந்தச் சொல்லு வேணாம் மகள்" என்றார். பன்றிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இது எலி, அணில் சாதி என்று டீச்சர் விளக்கம் சொல்லிப் பார்த்தார். எலி என்று கேட்டதும் நிலைமை இன்னும் மோசமானது. சிங்களத்தில் சொன்னால் இன்னொரு வேடிக்கை: 'கினி' என்றால் நெருப்பு, ஆக 'கினி ஊரா' என்பது பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு நெருப்புப் பன்றி. உண்மையில் அது பன்றியும் இல்லை, கினி நாட்டிலிருந்து வந்ததும் இல்லை. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே வீட்டில் வளர்க்கத் தொடங்கிய பிராணி. ஆகவே வட்டிலப்பம். மகள் அதைச் சுருக்கி 'வட்டி' என்று கூப்பிடத் தொடங்கியபோது இம்முறை வாப்பா குறுக்கிட்டார். "வட்டி ஹராம். முழுப்பேரச் செல்லுங்க."

மார்ச் கடைசியில் கூட்டில் விரித்திருந்த பேப்பரில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. முதல் நாள் பீட்ரூட் இலை கொடுத்திருந்தார்கள். அதன் சாயம்தான் சிறுநீரில் இறங்கியிருக்கிறது என்று டீச்சர் நினைத்தார். அப்படி இறங்குவதும் உண்டுதான். அடுத்த நாள் பீட்ரூட் கொடுக்கவில்லை, கறை இருந்தது. அதற்கடுத்த நாள், சிறுநீர் போகும்போது முதுகைக் கூனிக்கொண்டு வட்டிலப்பம் கீச்சென்று கத்தியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

நாடு என்ன நிலையில் இருந்தது என்பதை அந்த மார்ச்சைக் கடந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 31ஆம் திகதி பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. காஸ் சிலிண்டருக்குக் கியூ, பெற்றோலுக்குக் கியூ, பால்மாவுக்குக் கியூ. அதே கிழமைதான் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்துகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. கொழும்புக்கு வந்திருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதைப் பார்த்துக் கலங்கி, என்ன உதவி செய்யலாம் என்று கேட்கும்படி தன் தூதுவருக்குச் சொன்னார்.

அந்தச் செய்தியை வாப்பா ஃபோனில் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, கூட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை இரண்டு நாள் கழித்து அவருடைய தங்கை வந்து சொன்னார்: "மனிசருக்கே ஒப்பரேஷன் இல்லன்டு ஈக்கிற நேரம், இதுக்கா மச்சி? இந்தக் காசுக்கு இது மாதிரி பத்து வாங்கலாமே."

டீச்சரிடம் அதற்கு நல்ல பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. மனிதருக்கு வராத மருந்து ஒரு மிருகத்துக்குப் போனதால் வராமல் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கிழமை முழுக்க யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்க அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பத்து வாங்கலாம் என்ற கணக்கும் பிழையில்லை. ஆனால் அந்தப் பத்தில் எதுவும் நெற்றியில் கஜுவோடு வராது என்று மகள் அழுதுகொண்டே சொன்னாள். உம்மும்மாதான் முடித்து வைத்தார்: "உசிரு ஈக்கிற மட்டும் பாக்கோணும். போய்க் காட்டிட்டு வாங்க."

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் போனால் அதிக தூரம் இல்லை. அரைவாசி நாட்டுக்கு இல்லாத அதிர்ஷ்டம் அது. ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை. சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு, அதற்குள் கொஞ்சம் புல்லும் வட்டிலப்பமுமாக டீச்சர் கம்பளை–கண்டி பஸ்ஸில் ஏறினார். பெட்டிக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தபோது கொண்டக்டர் தன் ஃபோனைத் தடவிப் பார்த்தார்.

எக்ஸ்-ரே படத்தில் அடிவயிற்றின் சாம்பல் நிழலுக்குள் வெள்ளையாக ஒரு பொட்டு. கல். இந்தப் பிராணியின் குடல், உணவில் உள்ள கல்சியத்தைத் தேவைக்கு மேலாகவே உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தைச் சிறுநீரோடு வெளியே தள்ளும். அதனால் அதன் சிறுநீர் நல்ல நாளிலேயே கொஞ்சம் கலங்கல்தான். தள்ள முடியாமல் தங்கும்போது கல்லாகிறது. வளர்ப்புப் பிராணிக் கடையொன்றில் முயல் தீனிதான் இதற்கும் என்று கொடுத்திருந்தார்கள்; அதையே இரண்டு வருஷமாகப் போட்டு வந்தார்கள். முயல் தீனியில் பெரும்பாலும் கல்சியம் கூடிய குதிரைமசால் புல் கலந்திருக்கும், விற்றமின் சி இருக்காது. முயல் தன் உடம்புக்குள்ளேயே அதைத் தயாரித்துக்கொள்ளும். வட்டிலப்பத்தால் முடியாது. நம்மாலும் முடியாது.

திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். 2ஆம் திகதி சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். அன்று இரவே தலைப்பிறை. 3ஆம் திகதி முதல் நோன்பு. அன்று பகல் கலஹா சந்தியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் மீது பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. திங்கள் காலை ஊரடங்கு எடுத்தார்கள், ஆனால் ரோட்டில் என்ன நடக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. கடைசியில் செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 5, மூன்றாவது நோன்பன்று போனார்கள்.

அங்கே இருந்த இளம் டொக்டர் அம்மா சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி டீச்சருக்கு இன்னும் ஞாபகம்: காலையில் சாப்பிட்டதா? டீச்சர் பெருமையாக, ராத்திரியிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை, மனிதருக்கு ஒப்பரேஷன் என்றால் அப்படித்தானே என்றார். டொக்டரின் முகம் மாறியது. நாய்க்கும் பூனைக்கும் அப்படி. மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக. இதற்கு வாந்தி எடுக்கவே தெரியாது. பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். குடல் நின்றால், வயிற்றைத் திறந்து எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பிரயோசனமில்லை.

பெட்டியில் இருந்த புல்லை உடனே கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் தள்ளித்தான் மயக்கம் கொடுத்தார்கள்.

டீச்சரும் வாப்பாவும் வெளியே மரத்தடியில் இருந்தார்கள். இருவருக்கும் நோன்பு. பக்கத்தில் ஒரு ஐயா, காலில் கட்டுப் போட்ட நாயை மடியில் வைத்துக்கொண்டு, பன்னைப் பிய்த்து நாய்க்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு துண்டு என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர்களுக்கும் நீட்டினார். நோன்பு என்றதும் வெட்கப்பட்டு, மிச்சப் பன்னைப் பைக்குள் வைத்துவிட்டார். நீங்கள் சாப்பிடுங்கள் என்று எவ்வளவு சொல்லியும் அவர் பிறகு அதை எடுக்கவில்லை.

கல்லை ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். கடலைப்பருப்பு அளவு. வெளிர் மஞ்சள், மேலெல்லாம் சொரசொரப்பு.

இனித்தான் வேலை என்றார் டொக்டர். அவர் துண்டில் எழுதியது நான்கு வரிதான்; வாயால் சொன்னது அரை மணி நேரம். மரத்தூளில் போடக்கூடாது, காயத்தில் ஒட்டும். வெள்ளைத் துணி விரியுங்கள், இரத்தம் தெரியும். குளிர விடக்கூடாது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிறுக்க வேண்டும். அது தானாகச் சாப்பிடும் வரைக்கும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசிக்குழாயால் ஊட்ட வேண்டும், இரவிலும்தான். புழுக்கையை எண்ணுங்கள். காயத்தைப் பார்ப்பதைவிட அதைப் பாருங்கள்.

வாப்பாவின் பழைய வெள்ளைச் சாரன் ஒன்று நான்காகக் கிழிந்தது. காட்போட் பெட்டி, அடியில் பேப்பர், மேலே சாரன் துண்டு. முதல் நாள் இரவு கரண்ட் இல்லை. கெலிஓயாவில் மழை வேறு. மயக்கம் தெளிந்த உடம்பு தன் சூட்டைத் தானே பிடித்து வைக்கத் தெரியாமல் நடுங்கியது. காஸ் இல்லாததால் பின் பக்கத்தில் மூன்று கல் வைத்த விறகடுப்பில்தான் தண்ணீர் கொதித்தது. அதைப் பச்சைத் தண்ணீர் கலந்து சோடாப் போத்தலில் நிரப்பி, காலுறைக்குள் நுழைத்து, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தார்கள். சூடு கூடினால் மறுபக்கம் நகர இடம் வேண்டும். போத்தல் ஆற ஆற மாற்ற வேண்டும். மெழுகுதிரி வெளிச்சத்தில் அதைச் செய்துகொண்டிருக்கும்போது டீச்சருக்கு வகுப்பில் சொல்லும் ஒரு கதை நினைவுக்கு வந்தது. 1782–83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியர் இதே பிராணி ஒன்றை ஐஸ் சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு ஐஸ் உருகுகிறது என்று அளந்தார். உயிர் என்பதும் மெதுவாக எரியும் ஒரு நெருப்புத்தான் என்று காட்டுவதற்கு. சிங்களச் சின்னவன் சொன்ன நெருப்புப் பன்றி ஒரு கணக்கில் சரிதான்.

ஊட்டுவதற்கு வெளிநாட்டில் தனி மா விற்கிறார்கள், தண்ணீரில் கரைத்தால் போதும். இறக்குமதி நின்றுபோன அந்த மாதத்தில் கண்டி முழுக்கத் தேடியும் அது கிடைக்கவில்லை. டொக்டர் சொன்ன மாற்று வழி: இருக்கும் நல்ல தீனியை ஊறவைத்து அரைத்துக் கொடுங்கள், கொஞ்ச நாளைக்குத்தானே. பிளெண்டருக்குக் கரண்ட் இல்லை. உம்மும்மா அம்மியைக் கழுவச் சொன்னார். முப்பது வருஷம் சம்பல் அரைத்த கல்லில் புல் தீனி அரைபட்டது. அரைத்ததைத் தேத்தண்ணி வடியில் வடித்து, கொய்யாப்பழச் சதையைக் கொஞ்சம் மசித்துச் சேர்ப்பார்கள், விற்றமின் சிக்காக. வைக்கோலும் கொய்யாவும் கலந்த அந்த வாசம் நோன்பு வயிற்றோடு இருப்பவருக்கு என்ன செய்யும் என்பதை டீச்சர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு அது பிரியாணி வாசம் போலவே இருந்ததாம்.

ஊட்டுவதில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. துவாயால் கைப்பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்றி, வயிறு அமுங்காமல் மடியில் வைக்க வேண்டும். வாய்க்கு நேரே குழாயை வைத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். முன்பல் நான்குக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டு. பக்கவாட்டில் அதற்குள் நுழைத்து, அரை மில்லி. பிறகு நிறுத்த வேண்டும். தாடை ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் இன்னொரு அரை மில்லி. ஒரு வேளைக்குப் பத்து மில்லி என்றால் இருபது தரம். முதல் நாள் முக்கால் மணி நேரம் பிடித்தது. ஊட்டியதில் பாதி டீச்சரின் அபாயாவில்தான் இருந்தது.

நள்ளிரவு ஒரு தரம், விடியப் புறம் நான்கு மணிக்கு ஒரு தரம். அந்த நான்கு மணி சஹர் நேரம். எப்படியும் வீடு முழுக்க எழும்பும். உம்மும்மா சோறு சூடாக்க, மகள் டோர்ச் பிடிக்க, டீச்சர் ஊட்டுவார். அந்த வீட்டில் சஹருக்கு முதலில் சாப்பிட்டது வட்டிலப்பம். பாங்கு சொன்ன பிறகு மற்ற எல்லோரும் வாயைக் கட்டிக்கொள்ள, எட்டு மணிக்கு, பன்னிரண்டுக்கு, பின்னேரம் நான்குக்கு அதற்கு மட்டும் சாப்பாடு. பெரிய மனிதர் நான்கு பேர் பட்டினி இருந்து, பட்டினி இருக்கவே கூடாத ஒன்றுக்கு ஊட்டினார்கள். வாப்பா இஃப்தாருக்கு வந்தவர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பார். வந்தவரில் ஒருவர், பெருவில் இதைப் பொரித்துத் தின்கிறார்களாமே என்று கேட்டுவிட்டு, மகளின் முகத்தைப் பார்த்ததும் ஈச்சம்பழத் தட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் நிலைமை கெட்டது. அந்த நாள் முழுக்க மூன்றே மூன்று புழுக்கை, சின்னதாக, ஒரு முனை கூராக, சீரகம் போல. வட்டிலப்பம் மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. ஊட்டினால் வாயிலிருந்து வழிய விட்டது. டீச்சர் டொக்டருக்கு ஃபோன் எடுத்தார். வலி மருந்து எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். அங்கேதான் டீச்சர் மாட்டிக்கொண்டார். துண்டில் எழுதியிருந்த அளவைப் பார்த்து, இந்தக் குட்டி உடம்புக்கு இவ்வளவா என்று பயந்து, தன் யோசனையில் பாதிதான் கொடுத்து வந்திருந்தார். விஞ்ஞான டீச்சர்! சின்ன உடம்பு மருந்தை வேகமாக எரித்துத் தள்ளிவிடும், நிறைக்கு நிறை பார்த்தால் நாயைவிட இதற்குக் கூடவே தேவைப்படும் என்று டொக்டர் பொறுமையாக விளக்கினார். வலி இருந்தால் அது சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் அசையாது. குடல் அசையாவிட்டால் காற்று நிரம்பி இன்னும் வலிக்கும். எழுதியதை எழுதியபடி கொடுங்கள்.

கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் பல் கடிப்பது நின்றது. டீச்சர் குசினிக்குள் போய், யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதார்.

அதே நாள் இன்னொரு ஆபத்தும் மயிரிழையில் தப்பியது. காயத்தின் ஓரம் சிவந்திருக்கிறதே என்று பார்த்த உறவுக்காரர் ஒருவர், தன் பிள்ளைக்குத் தொண்டை நோவுக்குக் கொடுத்து மிஞ்சிய அமொக்சிசிலின் பாணியைப் போத்தலோடு கொண்டு வந்துவிட்டார். மருந்துக்குத் தட்டுப்பாடான காலம். அவர் கொண்டு வந்தது உண்மையில் பெரிய மனசு. டீச்சர் கொடுக்கும் எண்ணத்தோடு ஒரு மூடி அளவும் ஊற்றிவிட்டார். முதல் ஃபோனில் படித்த பாடம்தான் காப்பாற்றியது. ஒரு முறை கேட்டுவிடுவோம் என்று மறுபடி ஃபோன் எடுத்தார். கொட்டிவிடுங்கள் என்றார் டொக்டர்.

பென்சிலின் சாதி மருந்துகள் இந்தப் பிராணிக்கு நஞ்சு. கிருமியைக் கொல்வதோடு, புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் குடலில் துடைத்துவிடும். அந்த வெற்றிடத்தில் நஞ்சு சுரக்கும் வேறொரு கிருமி பெருகி, சில நாட்களில் ஆளை முடித்துவிடும். 1940 மே மாதம் ஒக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியின் குழுவினர் பென்சிலினை முதலில் பரீட்சித்தது எட்டுச் சுண்டெலிகளில். மருந்து கிடைத்த நான்கும் மறுநாள் காலையில் உயிரோடு இருந்தன. சுண்டெலிக்குப் பதில் அன்று மேசையில் வட்டிலப்பத்தின் இனத்தவர் இருந்திருந்தால், இது கொடிய நஞ்சு என்று எழுதிவைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மூடியில் ஊற்றியதை டீச்சர் தொட்டிக்குள் கொட்டினார். உறவுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. போத்தலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

ஆய்வுகூடத்தில் இந்த இனம் மனிதருக்காகப் பட்ட பாட்டில் ஒன்றுக்கு நம் மண்ணோடும் ஒரு தொடுப்பு இருக்கிறது, டீச்சருக்கு அது மிகவும் பிடித்த கதை. தீட்டிய அரிசியையே தின்று கால் வலுவிழந்துபோகும் நோய்க்கு உலகம் முழுக்க பெரிபெரி என்று பேர். சிங்களத்தில் 'பெரி' என்றால் முடியாது. எழும்ப முடியாது, முடியாது என்று நோயாளி சொன்னதிலிருந்து வந்த பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நோர்வேக் கப்பல்காரருக்கும் அதுபோல ஒன்று வர, அக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபுரோலிக் என்ற இரண்டு பேர் அந்தப் பெரிபெரியைத் தேடித்தான் இந்தப் பிராணிகளுக்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிபெரி வரவில்லை. முரசு வீங்கி, பல் ஆடி, எலும்பு பலவீனமாகி, கடலோடிகளை நூற்றாண்டுகளாகக் கொன்ற ஸ்கர்வி வந்தது. கோவாவும் எலுமிச்சையும் கொடுத்தால் மாறியது. 1907இல் அதை வெளியிட்டார்கள். வேறு பிராணியை எடுத்திருந்தால் ஒன்றுமே வந்திருக்காது. எலி, கோழி, நாய் எல்லாம் தம் விற்றமின் சியைத் தாமே செய்துகொள்ளும். விற்றமின் சியைத் தேடிக் கண்டுபிடித்த பாதை இதன் வீங்கிய முரசு வழியாகத்தான் போனது. அந்தக் கடனுக்கு ஒரு நாளைக்கு அரைக் கொய்யா பெரிதில்லை என்பது டீச்சரின் கட்சி. அந்த ஏப்ரலில் மாத்திரை கிடைக்கவில்லை, கொய்யா மரம் வேலியோரம் நின்றது. கறிமிளகாய் கிடைத்த நாளில் அதுவும்.

கழுத்தில் கூம்பு மாட்டவில்லையா என்று பார்க்க வந்த எல்லோரும் கேட்டார்கள். நாய்க்கு மாட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு மாட்டினால் வேறு சிக்கல்: இந்தப் பிராணி இரண்டு விதமாக வெளிக்குப் போகும், அதில் மென்மையான ஒரு விதத்தைக் குனிந்து நேரே வாயால் எடுத்து மறுபடி தின்னும். குடலில் தயாரான பி விற்றமின்கள் அதில் இருக்கின்றன; முதல் தடவை தவறியதை இரண்டாம் தடவையில் எடுத்துக்கொள்கிறது. கூம்பு மாட்டினால் குனிய முடியாது. மகள் இதை முதல் முறை நேரில் கண்ட அன்று இஃப்தாருக்குக் கஞ்சி குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆறாவது நோன்பு. வாப்பா ஜும்ஆவிலிருந்து வரும் வழியில் ரயில் பாதை ஓரம் இறங்கி, சாரனை மடித்துக் கட்டி, ஒரு பிடி கினிப்புல் அறுத்து வந்தார். ஆபிரிக்காவிலிருந்து தீவனத்துக்கென்று கொண்டு வந்த புல். இப்போது மலைநாட்டில் அது முளைக்காத மேடு இல்லை. கினிக்குக் கினிப்புல் என்று அவருக்கு ஒரு பகிடி. பேரில் மட்டும்தான் உறவு. மழை ஈரத்தைத் துணியில் ஒற்றி, ஒரே ஒரு தாளைப் பெட்டிக்குள் நீட்டினார்.

வட்டிலப்பம் முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாப்பா கையை எடுக்கவில்லை. ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுக்கும் கை. ஒரு சாண் புல்லைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் இருந்தது. பிறகு அந்தப் புல்லின் நுனி மெதுவாக, தட்டச்சு மெஷினில் பேப்பர் ஏறுவது போல, உள்ளே போகத் தொடங்கியது. ஒரு தாள். இன்னொரு தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "செல்லாதீங்க, கண்ணு படும்" என்றார் உம்மும்மா, அறைக்குள்ளிருந்தே.

மறுநாள் காலை சாரன் துண்டில் முப்பத்தொரு புழுக்கை. மகள் இரண்டு தரம் எண்ணினாள்.

அதற்குப் பிறகு சொல்வதற்கு அதிகம் இல்லை. நள்ளிரவு ஊட்டல் நின்றது, பிறகு பகல் ஊட்டல். சித்திரைப் புத்தாண்டு, பெரிய வெள்ளி எல்லாம் கழிந்து 18ஆம் திகதி தையலைக் காட்டப் போனார்கள். காயம் மூடி, அதன் மேல் குச்சி முடி முளைத்திருந்தது. கல் திரும்பி வரலாம் என்றார் டொக்டர். வராமலிருக்க முயல் தீனியை நிறுத்தி, புல்லை முக்கிய சாப்பாடாக்கி, தண்ணீர் நிறையக் குடிக்க வைக்கச் சொன்னார். பஸ்ஸில் கூட்டம் தொங்கியதால் திரும்பி வர த்ரீவீல் பிடித்தார்கள். அன்று நள்ளிரவு பெற்றோல் விலை கூடியது. அடுத்த நாள் றம்புக்கனையில் அதற்காக ரயில் பாதையை மறித்தவர்கள் மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் செத்தார். அந்தப் பின்னேரம் கெலிஓயாவில் ரயில் சத்தம் இல்லை. இஃப்தார் மேசையில் யாரும் பேசவில்லை. பக்கத்து அறையில் மரக்கறிப் பையின் சரசரப்புக் கேட்டது. உடனே, இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, உச்சக் குரலில் ஒரு விசில். பையைத் திறந்துகொண்டிருந்த உம்மும்மா திடுக்கிட்டு மல்லிக் கட்டைக் கீழே போட்டுவிட்டார்.

அந்த நோன்புக் கலண்டர் இன்னும் டீச்சரிடம் இருக்கிறது. பென்சில் பெட்டிக்குள் கல் இருக்கும் போத்தலை மகள் வைத்திருப்பது போல. ஒவ்வொரு நாளுக்கும் சஹர் முடியும் நேரம், இஃப்தார் நேரம் அச்சில் இருக்க, பக்கத்து ஓரத்தில் பென்சிலால் கிராம் கணக்கு. மூன்றாம் நோன்பு 884. நான்காம் நோன்பு 861. ஐந்து, 838. ஆறு, 821, இதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு. ஏழு, 818. எட்டு, 823. அங்கிருந்து கணக்கு மெதுவாக ஏறுகிறது, இடையில் ஒரு நாள் மஞ்சள் கறை, கொய்யாவோ பருப்போ. 27ஆம் நோன்பில் 879 என்று எழுதி, அந்த 9 கோணலாக இழுபட்டுக் கடதாசி விளிம்பு வரை போயிருக்கிறது. தராசுக் கிண்ணத்திலிருந்து அது மேசைக்குப் பாய்ந்த நேரம். பெருநாள் வரை மிச்சமிருந்த மூன்று நாட்களின் ஓரத்தில் எதுவும் எழுதியில்லை. அதற்குப் பிறகு அதைக் கிண்ணத்தில் உட்கார வைக்க யாராலும் முடியவில்லை.